ஆப் மூடிட்டான், டாக்ஸ் மூடல: ஆன்லைன் போக்கர் காசுக்கு ஐடிஆர் போடுறது எப்படி

2025 ஆகஸ்ட்ல ஆன்லைன் கேமிங் சட்டம் வந்ததும் போக்கர், ரம்மி, ஃபேன்டசி எல்லாம் ஒரே வாரத்துல கடையை சாத்திட்டாங்க. வாலட்ல இருந்த காசை எல்லாரும் அவசர அவசரமா வித்ட்ரா பண்ணி பேங்குக்கு கொண்டு வந்துட்டாங்க, அதோட முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. முடியல. அந்த வித்ட்ராவல்ல பிடிச்ச டிடிஎஸ் (காசு கொடுக்கும்போதே கம்பெனி பிடிச்சு அரசுக்கு கட்டுற வரி) உங்க பான் நம்பர்ல பதிவாகி உக்காந்திருக்கு, 2025-26 வருஷத்துக்கு ரிட்டர்ன் போடும்போது அதை நீங்க கணக்கு காட்டித்தான் ஆகணும். சம்பளத்துக்கு எப்பவும் போல ஐடிஆர்-1 (சம்பளக்காரங்க போடுற எளிமையான ரிட்டர்ன் ஃபார்ம்) போட்டுட்டு போயிடலாம்னு இருக்கவங்களுக்குத்தான் முக்கியமா இதை எழுதுறேன், ஏன்னா இந்த வருமானம் ஒரு ரூபா இருந்தாலும் ஐடிஆர்-1 செல்லாது.

முதல்ல சட்டம் எங்க நிக்குதுன்னு சுருக்கமா சொல்லிடுறேன், இது தெரியாம டாக்ஸ் பத்தி பேசினா குழப்பம்தான் வரும். தமிழ்நாட்டுல இது ரொம்ப நாளா இழுத்துட்டு வந்த கதை. 2020 நவம்பர்ல அவசரச் சட்டம் போட்டு தடை பண்ணாங்க, 2021 ஆகஸ்ட்ல சென்னை ஹைகோர்ட் அந்த சட்டத்தை ரத்து பண்ணிடுச்சு. அப்புறம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில கமிட்டி, அதை வச்சு 2022ல புது சட்டம், கவர்னர் மசோதாவை திருப்பி அனுப்ப சட்டசபை மறுபடியும் நிறைவேத்தி 2023 ஏப்ரல்ல ஒப்புதல் வந்தது. அதே வருஷம் நவம்பர்ல ஹைகோர்ட், சட்டம் செல்லும் ஆனா ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டுன்னு பட்டியல்ல சேர்த்தது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. சரி தடை பண்ண முடியலன்னா கட்டுப்படுத்துவோம்னு 2025 பிப்ரவரில விதிமுறை கொண்டு வந்தாங்க: 18 வயசுக்கு கீழ கூடாது, ஆதார் வச்சு கேஒய்சி, ராத்திரி 12ல இருந்து காலைல 5 வரைக்கும் விளையாட விடக்கூடாது. கம்பெனிங்க இதை எதிர்த்து போன கேஸை 2025 ஜூன்ல ஹைகோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு.

இதெல்லாம் முடிஞ்சு ரெண்டு மாசத்துல மத்திய அரசு வந்து ஒரே போடா போட்டுது. ஆன்லைன் கேமிங் மசோதா ஆகஸ்ட் 20 லோக்சபால, 21 ராஜ்யசபால நிறைவேறுச்சு, 22 ஜனாதிபதி ஒப்புதல். திறமையா அதிர்ஷ்டமான்னு 1950கள்ல இருந்து கோர்ட்ல நடந்துட்டு இருந்த விவாதத்தை அப்படியே ஓரங்கட்டிட்டு, காசு கட்டி காசு எதிர்பார்த்து ஆன்லைன்ல விளையாடுற எதுவா இருந்தாலும் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நடத்துறவனுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 கோடி வரைக்கும் ஃபைன். விளம்பரம் பண்றவனுக்கு 2 வருஷம், 50 லட்சம். பணம் போய் வர வழி பண்ணிக் கொடுக்கிற பேங்க், பேமெண்ட் கம்பெனிக்கும் 3 வருஷம், 1 கோடிதான். விளையாடுற ஆளுக்கு அந்த சட்டத்துல தண்டனை கிடையாது, அதனால ரிட்டர்ன்ல காட்டினா போலீஸ் வருமோன்னு பயந்துக்கிட்டு மறைக்க வேண்டாம். வருமான வரித்துறைக்கு அது சட்டப்படி வந்த காசா இல்லையாங்கறது ஒரு பிரச்சனையே இல்ல, வருமானம்னா வரி, அவ்வளவுதான். நீங்க ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் விளையாடினது எப்படியும் தடைக்கு முன்னாடி.

ஜிஎஸ்டி பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா எல்லாரும் இதையும் வருமான வரியையும் போட்டு குழப்பிக்கிறாங்க. 2023 அக்டோபர் 1ல இருந்து டெபாசிட் பண்ற முழு தொகைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22ல இருந்து அது 40 ஆயிடுச்சு. 28 சதவீதம் இருந்தப்ப 100 ரூபா போட்டா 78 ரூபா சொச்சம்தான் விளையாட, மீதி ஜிஎஸ்டி, அதை போனஸா திருப்பித் தர்றோம்னு சில கம்பெனிங்க சமாளிச்சாங்க. இதை கட்ட வேண்டியது கம்பெனி. உங்க ஐடிஆர்ல ஜிஎஸ்டி எங்கயும் வராது, ‘நான்தான் ஏற்கனவே 28 கட்டிட்டேனே, மறுபடி 30 எதுக்கு’ன்னு கேட்டாலும் பதில் இல்ல. அது வேற வரி, இது வேற வரி.

இப்ப விஷயத்துக்கு வருவோம். 2023 ஏப்ரல்ல இருந்து வருமான வரிச் சட்டத்துல ஆன்லைன் கேம்ஸுக்குன்னே ரெண்டு செக்ஷன் இருக்கு. 194பிஏ, இது கம்பெனி டிடிஎஸ் பிடிக்கிறதுக்கு. 115பிபிஜே, இது நீங்க வரி கட்டுறதுக்கு. ரெண்டுலயும் 30 சதவீதம்தான், வரி கணக்கிடறது ‘நெட் வின்னிங்ஸ்’ மேல. அதுக்கு முன்னாடி பழைய முறை கொடுமையா இருந்துச்சு, 10,000க்கு மேல ஒரு ஜெயிப்பு வந்தா அதுல 30 பிடிச்சுடுவாங்க, நீங்க அடுத்த டேபிள்ல மொத்தத்தையும் விட்டாலும் அது உங்க தலையெழுத்து. இப்ப அந்த வகையில பரவால்ல, வருஷம் முழுக்க உள்ள போனது எவ்வளவு, வெளிய வந்தது எவ்வளவுன்னு பாக்குறாங்க. 10,000 வரம்பு போயிடுச்சு. ஒரு மாசத்துல நெட் வின்னிங்ஸ் 100 ரூபாய்க்குள்ள இருந்தா மட்டும் அப்ப பிடிக்காம தள்ளி வைக்கலாம், அது வரிவிலக்கு கிடையாது.

நெட் வின்னிங்ஸ் ஃபார்முலா ரூல் 133ல இருக்கு, பாக்க அல்ஜீப்ரா மாதிரி இருக்கும் ஆனா விஷயம் சிம்பிள். வருஷம் முழுக்க நீங்க வித்ட்ரா பண்ணது, அதோட மார்ச் 31 அன்னைக்கு வாலட்ல மிச்சம் இருந்தது, ரெண்டையும் கூட்டுங்க. அதுல இருந்து நீங்க உங்க கைக்காசை டெபாசிட் பண்ணதையும், ஏப்ரல் 1 அன்னைக்கு வாலட்ல ஏற்கனவே இருந்த ஓப்பனிங் பேலன்ஸையும் கழிங்க. வர்றதுதான் உங்க வின்னிங்ஸ். ஓப்பனிங் பேலன்ஸை ஏன் கழிக்கிறோம்னா அதுக்கு போன மார்ச் 31லயே டிடிஎஸ் பிடிச்சிருப்பாங்க, நிறைய பேர் கவனிச்சிருப்பீங்க, வித்ட்ரா பண்ணாமயே மார்ச் கடைசில வாலட்ல காசு குறைஞ்சிருக்கும். ரேக் (ஆட்டத்துல கம்பெனி எடுத்துக்கற கமிஷன்), டோர்னமெண்ட் ஃபீ எல்லாம் தனியா செலவுன்னு காட்ட முடியாது, காட்டவும் தேவையில்ல, அது உங்க பேலன்ஸ்ல இருந்து ஏற்கனவே போயிடுச்சே. ஆனா இன்டர்நெட் பில், லேப்டாப், கோச்சிங் ஃபீ இதெல்லாம் கழிக்கலாமான்னு கேக்காதீங்க, முடியாது.

போனஸ்ல ஒரு சூட்சுமம் இருக்கு. ரெஃபரல் போனஸ், சைன்-அப் போனஸ் எல்லாம் உங்க கைக்காசு இல்லைல்ல, அதனால அது டெபாசிட்டா கழிக்கப்படாது. விளையாட மட்டும் பயன்படுத்தலாம், வெளிய எடுக்க முடியாதுன்னு இருக்கற போனஸை விட்டுடுவாங்க, என்னைக்கு அது எடுக்கக்கூடிய காசா மாறுதோ அன்னைக்கு கணக்குல ஏறும்.

ஒரு உதாரணம் போட்டு பாத்துடலாம். ஏப்ரல் 1 அன்னைக்கு வாலட்ல 4,000 இருந்துச்சுன்னு வச்சுக்கோங்க. மே மாசம் 20,000 டெபாசிட். ஜூன்ல நல்லா ஓடி 30,000 வித்ட்ரா. 30,000ல 24,000 போக 6,000 வின்னிங்ஸ், அதுல 30 சதவீதம் 1,800 பிடிச்சுட்டு 28,200 அனுப்புவான். ஜூலைல மறுபடி 15,000 போடுறீங்க, சரியா போகல, ஆகஸ்ட்ல ஆப் மூடும்போது கடைசி 12,000 வெளிய எடுக்குறீங்க. இப்ப மொத்தம் எடுத்தது 42,000, போட்டது 35,000, ஓப்பனிங் 4,000, அப்ப வருஷத்துக்கு உண்மையான வின்னிங்ஸ் 3,000தான். ஏற்கனவே 6,000க்கு பிடிச்சாச்சு, அதனால கடைசி வித்ட்ராவல்ல எதுவும் பிடிக்க மாட்டான், ஆனா அதிகமா பிடிச்சதை அவன் திருப்பித் தரவும் மாட்டான். 3,000க்கு வரியும், அந்த வரி மேல 4 சதவீதம் கூடுதலா போடுற செஸ்ஸும் சேர்த்து 936, உங்ககிட்ட பிடிச்சது 1,800, வித்தியாசம் 864 ரூபா ரிட்டர்ன்லதான் ரீஃபண்ட் கேக்கணும். இந்த மாதிரி ஜூன்ல ஜெயிச்சு ஆகஸ்ட்ல விட்டவங்க நிறைய பேர் இருப்பீங்க, லட்சக்கணக்குல விளையாடினவங்களுக்கு இந்த வித்தியாசம் சின்ன தொகையா இருக்காது, அதனால டிடிஎஸ் கழிஞ்சுடுச்சே விடுன்னு விட்டுடாதீங்க.

எதிர்ப்பக்கமும் இருக்கு. டிடிஎஸ் வெறும் 30தான், ஆனா நீங்க கட்ட வேண்டியது 30 ப்ளஸ் அந்த வரி மேல 4 சதவீத செஸ், மொத்தம் 31.2. ஒரு லட்சம் ஜெயிச்சிருந்தா 30,000 பிடிச்சிருப்பான், இன்னும் 1,200 நீங்க கட்டணும். மொத்த வருமானம் 50 லட்சம் தாண்டினா சர்சார்ஜ்னு கூடுதல் வரி வேற.

இன்னொன்னு, 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு சொன்னாங்களேன்னு கேப்பீங்க. அந்த ரிபேட் (வரித் தள்ளுபடி) இந்த காசுக்கு கிடையாது. சம்பளம் 8 லட்சம், போக்கர்ல 50,000னா, சம்பளத்துக்கு புது ரெஜிம்ல (புது வரி முறைல) வரி ஜீரோ ஆயிடும், 50,000க்கு மட்டும் 15,600 வரி நிக்கும். 80சி, இன்சூரன்ஸ், பிபிஎஃப் எதுவும் இதுல கழியாது. வேலையே இல்லாத காலேஜ் பையன் 20,000 ஜெயிச்சிருந்தாலும் அடிப்படை விலக்கு வரம்பெல்லாம் கிடையாது, நேரா 30தான். ‘எனக்கு வருமானமே இல்ல, டிடிஎஸ் மொத்தமும் ரீஃபண்ட் வரும்’னு யாராவது சொன்னா நம்பாதீங்க, எஃப்டி வட்டிக்கு வர்ற மாதிரி இதுல வராது.

சரி, போர்ட்டலுக்குள்ள போகலாம். ஆனா லாகின் பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அதை இன்னைக்கே பண்ணுங்க: விளையாடின ஒவ்வொரு கம்பெனியில இருந்தும் ஏப்ரல் 1, 2025ல இருந்து மார்ச் 31, 2026 வரைக்கும் உள்ள லெட்ஜர், டெபாசிட்-வித்ட்ராவல் ஸ்டேட்மெண்ட், ஃபார்ம் 16ஏ (டிடிஎஸ் பிடிச்சதுக்கான சர்டிபிகேட்) மூணையும் டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க. பல ஆப்ல கேம் மட்டும்தான் நிறுத்தி இருக்காங்க, அக்கவுண்ட் பக்கம் இன்னும் திறக்கும், எவ்வளவு நாள் திறக்கும்னு யாருக்கு தெரியும். திறக்கலன்னா சப்போர்ட்டுக்கு மெயில் போட்டு கேளுங்க, டிடிஎஸ் பிடிச்சவன் 16ஏ கொடுத்தே ஆகணும். ஸ்டேட்மெண்ட்ல ஜிஎஸ்டி சேர்த்த தொகையை டெபாசிட்டா போட்டிருக்காங்களா, கழிச்சுட்டு போட்டிருக்காங்களான்னும் அப்படியே பாத்துக்கோங்க, உங்க பேங்க் கணக்கோட ஒத்துப்போகலன்னா காரணம் பெரும்பாலும் இதுதான்.

அப்புறம் இ-ஃபைலிங் போர்ட்டல்ல உங்க பான் போட்டு லாகின் பண்ணி 26ஏஎஸ் (உங்க பான்ல பிடிச்ச வரியோட பட்டியல்), ஏஐஎஸ் (உங்க வருமானம் பத்தி வரித்துறைகிட்ட இருக்கற விவரம்) ரெண்டையும் எடுங்க. ரெண்டுலயும் 194பிஏன்னு இருக்கற பதிவையெல்லாம் தேடுங்க. எந்த கம்பெனி, எந்த தேதி, எவ்வளவு தொகை, எவ்வளவு டிடிஎஸ்னு இருக்கும். கம்பெனி பேர் பாத்து குழம்பாதீங்க, ஆப் பேர் ஒண்ணா இருக்கும், பின்னாடி இருக்கற பிரைவேட் லிமிடெட் பேர் வேறயா இருக்கும். ஏஐஎஸ்ல தொகை தப்பா இருந்தா அங்கயே ஃபீட்பேக் கொடுக்க ஆப்ஷன் இருக்கு. அம்மா பேர்லயோ தம்பி பேர்லயோ ஐடி ஓப்பன் பண்ணி விளையாடினவங்க இங்க மாட்டுவீங்க, டிடிஎஸ் அவங்க பான்லதான் ஏறி இருக்கும், உங்க ரிட்டர்ன்ல அதை க்ளைம் பண்ண போனா ஒத்துப்போகாது. இந்த மாதிரி கேஸை நீங்களே போர்ட்டல்ல நோண்டாம ஆடிட்டர்கிட்ட போயிடுங்க.

ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது அசெஸ்மெண்ட் இயர் (வருமானம் வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம்) 2026-27 எடுங்க. ஃபார்ம் ஐடிஆர்-2. தொழில், கமிஷன், எஃப் அண்ட் ஓ (ஷேர் மார்க்கெட் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) ஏதாவது இருந்தா ஐடிஆர்-3. ஷெட்யூல் தேர்வு பண்ற இடத்துல ‘இதர வருமானம்’ அதாவது ஷெட்யூல் ஓஎஸ் டிக் பண்ணுங்க. அதுக்குள்ள சாதா வட்டி போடுற இடத்துல இதை போட்டுடாதீங்க, கீழ ஸ்பெஷல் ரேட் வருமானம்னு தனியா இருக்கும், அதுல லாட்டரிக்கு 115பிபி, ஆன்லைன் கேம்ஸுக்கு 115பிபிஜேன்னு ரெண்டு லைன் தனித்தனியா இருக்கு. உங்களுது ரெண்டாவது. கோவா கேசினோவுல நேர்ல உக்காந்து போக்கர் ஆடி ஜெயிச்சிருந்தா அது முதல் லைன், அதை இங்க சேர்க்காதீங்க. இதை சரியா போட்டா ஷெட்யூல் எஸ்ஐல (ஸ்பெஷல் ரேட் வருமானத்துக்கான பக்கம்) 30 சதவீத வரி தானா வந்துடும், வரலன்னா தப்பான இடத்துல போட்டிருக்கீங்கன்னு அர்த்தம்.

ஷெட்யூல் ஓஎஸ் கடைசில ஒரு டேபிள் இருக்கும், வருமானம் எந்தெந்த காலத்துல வந்ததுன்னு அஞ்சா பிரிச்சு கேப்பான்: ஜூன் 15 வரைக்கும், அப்புறம் செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15, மார்ச் 31. நிறைய பேர் இதை காலியா விட்டுட்டு எர்ரர் வருதுன்னு புலம்புறாங்க. 26ஏஎஸ்ல இருக்கற தேதியை வச்சு பிரிச்சு போடுங்க, கூட்டுத்தொகை மேல போட்ட தொகையோட ஒரு ரூபா மாறாம இருக்கணும். அட்வான்ஸ் டாக்ஸ் (வருஷத்துக்குள்ளயே முன்கூட்டி கட்டுற வரி) வட்டி கணக்கு போடத்தான் இது, டிடிஎஸ் போக கட்ட வேண்டியது 10,000 தாண்டாதவங்களுக்கு அந்த வட்டி பத்தி கவலை இல்ல.

அடுத்து டிடிஎஸ் ஷெட்யூல். சம்பள டிடிஎஸ் தனி, இது டிடிஎஸ்-2ல வரும். ப்ரீ-ஃபில்லா வந்திருக்கும், ஆனா அப்படியே ஓகே கொடுக்காம திறந்து பாருங்க, எந்த வருமானத்துக்கான டிடிஎஸ்ங்கற இடத்துல இதர வருமானம்னு இருக்கணும், தொகையும் இருக்கணும். டிடிஎஸ் க்ளைம் பண்ணிட்டு அதுக்கான வருமானத்தை காட்டாம விட்டா ரிட்டர்னை டிஃபெக்டிவ்னு திருப்பி அனுப்பவோ, வித்தியாசம் கேட்டு நோட்டீஸ் அனுப்பவோ வாய்ப்பு ரொம்ப அதிகம்.

மேல சொன்ன உதாரணத்துல ஒரு சிக்கல் வரும்னு இப்பவே புரிஞ்சிருக்கும். 26ஏஎஸ்ல 6,000னு இருக்கும், நீங்க ரூல் 133 படி 3,000னு காட்டுவீங்க. கணக்கு உங்க பக்கம் சரிதான், ஆனா சிஸ்டம் கேள்வி கேக்கலாம். கேட்டா லெட்ஜரை வச்சு பதில் சொல்லணும், அதுக்குத்தான் டவுன்லோட் பண்ணி வைக்க சொன்னேன். 864 ரூபாய்க்காக அந்த தலைவலி வேண்டாம்னு 6,000ஐயே காட்டிட்டு போறவங்களை நான் குறை சொல்ல மாட்டேன், அப்ப 72 ரூபா செஸ் மட்டும் கட்டினா போதும். இதே 86,000 ரூபா வித்தியாசம்னா விடக்கூடாது.

ரெண்டு மூணு கம்பெனியில விளையாடினவங்களுக்கு கெட்ட செய்தி. ஒரே கம்பெனிக்குள்ள எத்தனை கேம், எத்தனை வாலட் இருந்தாலும் சேர்த்துதான் கணக்கு. ஆனா ஒரு கம்பெனியில 2 லட்சம் ஜெயிச்சு, வேற கம்பெனியில 3 லட்சம் விட்டிருந்தா, முதல் கம்பெனி 60,000 பிடிச்சிருப்பான், ரெண்டாவது கம்பெனி நஷ்டம் அவன் கணக்குலயே வராது. மொத்தத்துல ஒரு லட்சம் போச்சு, அதுக்கு மேல வரியும் போச்சு. அந்த நஷ்டத்தை நீங்களா ஐடிஆர்ல கழிச்சு காட்டினா 26ஏஎஸ்ஸோட இடிக்கும், அப்படி செய்றதா இருந்தா ஆடிட்டரை வச்சு செய்ங்க. போன வருஷம் விட்டதை இந்த வருஷ ஜெயிப்புல கழிக்கறது, அடுத்த வருஷத்துக்கு கொண்டு போறது இந்த பேச்சுக்கே இடமில்ல.

கடைசில மீதி வரி ஏதாவது காட்டினா இ-பே டாக்ஸ்ல போய் செல்ஃப் அசெஸ்மெண்ட் டாக்ஸ், கோட் 300, அதே அசெஸ்மெண்ட் இயர் செலக்ட் பண்ணி கட்டிட்டு சலான் நம்பரை ரிட்டர்ன்ல ஏத்துங்க. சப்மிட் பண்ணிட்டு ஆதார் ஓடிபி வச்சு இ-வெரிஃபை பண்ணுங்க, 30 நாளுக்குள்ள பண்ணலன்னா போட்ட ரிட்டர்ன் போடாத மாதிரிதான். கெடு தேதியை விட்டுட்டா டிசம்பர் 31 வரைக்கும் லேட் ஃபீஸோட போடலாம், 5 லட்சத்துக்கு மேல வருமானம்னா 5,000, கீழனா 1,000. பழைய வருஷங்கள்ல இந்த வருமானத்தை காட்டாம ஐடிஆர்-1 போட்டவங்களுக்கு ஐடிஆர்-யூன்னு ஒரு வழி இருக்கு, அசெஸ்மெண்ட் இயர் முடிஞ்சு 4 வருஷம் வரைக்கும் போடலாம், ஆனா வரி, வட்டிக்கு மேல முதல் வருஷம் 25 சதவீதம், அடுத்தடுத்து 50, 60, 70ன்னு ஏறிட்டே போகும். ரீஃபண்ட் வாங்கறதுக்கு ஐடிஆர்-யூ போட முடியாது.

தடைக்கு அப்புறம் வெளிநாட்டு சைட்டுக்கு தாவினவங்க இருக்கீங்க, டெலிகிராம்ல லிங்க் வாங்கி கிரிப்டோல காசு போட்டு ஆடுறது. அங்க டிடிஎஸ் பிடிக்க ஆள் இல்ல, அதனால 26ஏஎஸ்ல எதுவும் இருக்காது, வரி மட்டும் அதே 31.2, நீங்களே கணக்கு போட்டு அட்வான்ஸ் டாக்ஸா கட்டணும். கிரிப்டோவை வித்து ரூபாயாக்கும்போது அதுல வர்ற லாபத்துக்கு தனியா 30 சதவீதம் 115பிபிஎச்ல, 1 சதவீத டிடிஎஸ்ஸும் உண்டு. சைட்காரன் காசை அமுக்கிட்டான்னா கேக்க ஒரு ஆபீஸும் கிடையாது. வெளிநாட்டு வாலட்ல இருந்த பேலன்ஸை ஷெட்யூல் எஃப்ஏல (வெளிநாட்டு சொத்தை காட்டுற பக்கம்) காட்டணுமாங்கற கேள்வியும் வரும், காட்ட வேண்டியதை காட்டாம விட்டா கருப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் பெனால்ட்டி வரைக்கும் இருக்கு. இந்த பாராவுல இருக்கறது உங்களுக்கு பொருந்தினா போர்ட்டலை மூடிட்டு முதல்ல ஒரு நல்ல ஆடிட்டரை பாருங்க, அவர்கிட்ட எல்லா ஸ்டேட்மெண்டையும் மறைக்காம கொடுங்க.

2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாச்சு, செக்ஷன் நம்பரெல்லாம் மாறிடுச்சு, அசெஸ்மெண்ட் இயருக்கு பதிலா டாக்ஸ் இயர்னு சொல்றாங்க. 2025-26 வருமானத்துக்கு பழைய 1961 சட்டமும் பழைய நம்பரும்தான், அதனால 194பிஏ, 115பிபிஜேன்னே தேடுங்க.